டெக் ஏன் தோற்கிறது? மேஜிக் 60 கார்டு டெக்கை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

டெக் தொடர்ந்து தோற்க ஆரம்பித்தால் பலரும் முதலில் செய்வது விலை கூடிய ஒரு கார்டை வாங்கி உள்ளே செருகுவது. அதனால் பழுது தீர்ந்து நான் பார்த்தது மிகக் குறைவு. "கொஞ்சம் பாருங்களேன்" என்று என்னிடம் வருகிற மேஜிக் த கேதரிங் சீட்டு விளையாட்டு டெக்குகளில் (டெக் என்பது ஒருவர் ஆடும் சீட்டுக் கட்டு) கோளாறு திரும்பத் திரும்ப அதே ஏழெட்டு இடங்களில்தான் இருக்கிறது. லேண்ட் (கார்டு ஆடச் செலவழிக்கும் மனா என்ற சக்தியைத் தரும் நிலக் கார்டு) எண்ணிக்கை, நிறக் கணக்கு, மனா கர்வ் (எத்தனை மனா விலையில் எத்தனை கார்டு என்ற பரவல்), ஒற்றைப் பிரதிகள், இப்படி. இவற்றில் பெரும்பாலானவை பைசா செலவில்லாமல் தீரக்கூடியவை. அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறியிலும் செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்கி, பணம் போடவேண்டிய காரணத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே பாருங்கள், தாண்டிப் போகாதீர்கள்.

இது 60 கார்டு டெக்குக்கானது. வீட்டில் நண்பர்களோடு ஆடினாலும் சரி, வெள்ளிக்கிழமை இரவு கடையில் நடக்கும் போட்டியில் ஆடினாலும் சரி, காமன் கார்டுகள் மட்டுமே அனுமதிக்கும் பாப்பரில் ஆடினாலும் சரி, பொருந்தும். 100 கார்டில் ஆடும் கமாண்டர் வடிவத்துக்குத் தனியாக ஒரு பகுதி பின்னால் உண்டு.

எதையும் மாற்றுவதற்கு முன்

ஒரு நோட்டு எடுங்கள், அல்லது போனில் ஒரு குறிப்பு. ஒவ்வொரு தோல்வி முடிந்ததும் மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள்: எத்தனையாவது டர்னில் தோற்றீர்கள், அப்போது மேசையில் எத்தனை லேண்ட் இருந்தது, கையில் என்னென்ன கார்டு மிஞ்சியிருந்தது. இந்த மூன்றாவதுதான் முக்கியம். ஆட்டம் முடியும்போது கையில் ஆடாமல் கிடக்கும் கார்டுகள்தான் பழுதைக் காட்டிக் கொடுக்கும். ஒரே கார்டு நோட்டில் நாலைந்து முறை வந்துவிட்டால் அதன் மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும் அது விசாரணைக்கு உரியது.

பத்து ஆட்டமாவது ஆடாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். நல்ல டெக்கும் மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்கும், அதில் ஒன்றும் இல்லை. மாற்றும்போதும் ஒரே சமயத்தில் நான்கு கார்டுக்கு மேல் மாற்ற வேண்டாம், எது பலன் கொடுத்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

அறிகுறி 1: லேண்ட் வராமல் மாட்டிக்கொள்வது

மேசையில் இரண்டு லேண்ட், கை நிறைய கார்டு, எதிராளி ஐந்தாவது டர்னில் பெரிய கிரீச்சரை (சண்டையிடும் உயிரினக் கார்டு) இறக்குகிறார்.

*மொத்தக் கார்டை எண்ணுங்கள்.* 60 என்பது குறைந்தபட்ச எண்ணிக்கை மட்டுமே, மேலே எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம் என்று விதி விட்டுவைத்திருப்பதால் "இதுவும் நல்லா இருக்கே, அதுவும் இருக்கட்டுமே" என்று 68, 75 என்று ஏறிவிடும், லேண்ட் மட்டும் பழைய 22 இலேயே நிற்கும். கூடுதல் கார்டு லேண்டை மட்டும் நீர்த்துப்போக வைப்பதில்லை, உங்கள் சிறந்த கார்டையும் தள்ளி வைக்கிறது. நான்கு பிரதி உள்ள ஒரு கார்டு முதல் ஏழில் வரும் வாய்ப்பு 60 கார்டு டெக்கில் 40 சதவீதம், 75 கார்டு டெக்கில் 33 சதவீதம். 60க்கு இறக்குங்கள். 61 கூட வேண்டாம்.

*லேண்டை எண்ணுங்கள்.* எல்லாம் ஒன்று, இரண்டு மனாவில் முடிகிற வேகமான சிவப்பு டெக் என்றால் 20 முதல் 22. நடுத்தர டெக்குக்கு 24. நிதானமாகத் தாக்குப்பிடித்துப் பெரிய கார்டில் முடிக்கும் கண்ட்ரோல் டெக்குக்கு 26. இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், 24 லேண்ட் உள்ள டெக்கில் முதல் ஏழு கார்டில் லேண்டே இல்லாமலோ ஒன்றே ஒன்றோ வருவது சுமார் 14 சதவீதம், அதாவது ஏழு கைக்கு ஒரு கை. 20 ஆகக் குறைத்தால் அது நான்கு கைக்கு ஒன்று. நாலு லேண்டை எடுத்துவிட்டு நாலு நல்ல கார்டு வைத்தேன் என்று சந்தோஷப்படுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

லனோவார் எல்வ்ஸ் மாதிரி மனா கொடுக்கும் குட்டிக் கிரீச்சர்கள் நான்கு இருந்தால் ஒரு லேண்ட், மிஞ்சிப்போனால் இரண்டு குறைக்கலாம். நான்கையும் லேண்டாகவே எண்ணிவிடக் கூடாது. எதிராளி ஒரு சிவப்பு மனாவில் லைட்னிங் போல்ட்டைப் போட்டால் அந்த எல்ஃபோடு உங்கள் மனாவும் போய்விடும்.

*கை வைத்துக்கொள்வதைக் கவனியுங்கள்.* எண்ணிக்கையெல்லாம் சரியாக இருந்தும் இந்த அறிகுறி தொடர்ந்தால் கோளாறு பெரும்பாலும் இங்கேதான். 24 லேண்ட் டெக்கில் உங்கள் முதல் கை இப்படி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: இரண்டு லேண்ட், ஒரு இரண்டு மனா கிரீச்சர், நான்கு மனா கார்டு மூன்று, ஐந்து மனா கார்டு ஒன்று. நீங்கள்தான் முதலில் ஆடுகிறீர்கள், அதனால் முதல் டர்னில் கார்டு எடுக்க மாட்டீர்கள். மூன்றாவது டர்னுக்குள் மூன்றாவது லேண்ட் வரும் வாய்ப்பு 66 சதவீதம். அதாவது மூன்றில் ஒரு தடவை சிக்கிக்கொள்வீர்கள், மூன்றாவது வந்தாலும் நான்காவது வேண்டும், இல்லாவிட்டால் கையில் இருப்பது எதுவும் ஆகாது. இதைத் திருப்பிக் கொடுங்கள். அதே இரண்டு லேண்டோடு ஒன்று, ஒன்று, இரண்டு, இரண்டு மனா கார்டுகள் இருந்து, நீங்கள் இரண்டாவதாக ஆடுகிறீர்கள் என்றால் வாய்ப்பு 81 சதவீதம், வராவிட்டாலும் ஆடுவதற்குக் கார்டு இருக்கிறது. தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

மல்லிகன் எடுக்க, அதாவது கையைத் திருப்பிக் கொடுத்துப் புதுக் கை எடுக்க, பயப்படுபவர்கள் இன்னும் பழைய விதியை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2019 முதல் லண்டன் மல்லிகன்தான்: மறுபடி ஏழு கார்டு எடுத்துப் பார்த்துவிட்டு, எத்தனை முறை திருப்பிக் கொடுத்தீர்களோ அத்தனை கார்டை நீங்களே தேர்ந்தெடுத்து டெக்கின் அடியில் வைக்கிறீர்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த ஆறு கார்டு, ஆடவே முடியாத ஏழு கார்டைவிட எப்போதும் மேல்.

*கலைப்பது.* ஆட்டம் முடிந்ததும் லேண்டெல்லாம் ஒரே கொத்தாகக் கிடக்கும், அதை அப்படியே டெக்கில் சேர்த்து இரண்டு தடவை மேலோட்டமாக வெட்டிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போகிறவர்கள் ஏராளம். 52 சீட்டுக் கட்டு ஓரளவு ஒழுங்காகக் கலைய ஏழு முறை ரிஃபிள் (கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று சரியவிட்டுக் கலைப்பது) வேண்டும் என்று 1992 இல் பேயர், டயகோனிஸ் என்ற கணிதவியலாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள், 60 கார்டுக்கும் ஏழெட்டு முறை என்றே வைத்துக்கொள்ளுங்கள். குவியல் குவியலாகப் பிரித்து வைப்பது எண்ணிக்கை சரிபார்க்க உதவும், கலைக்காது. ஒரு லேண்ட், இரண்டு ஸ்பெல் (லேண்ட் அல்லாத கார்டு), ஒரு லேண்ட் என்று அடுக்கிவிட்டு லேசாகக் கலைப்பது போட்டியில் ஏமாற்று வேலையாகவே எடுத்துக்கொள்ளப்படும், கவனம்.

அறிகுறி 2: லேண்ட் மட்டுமே வந்துகொண்டிருப்பது

முதலில் நோட்டைப் பாருங்கள். உண்மையிலேயே அடிக்கடி நடக்கிறதா, இல்லை வலித்த ஓர் ஆட்டம் மட்டும் மனதில் நிற்கிறதா? 24 லேண்ட் டெக்கில் முதல் ஏழில் ஐந்தோ அதற்கு மேலோ லேண்ட் வருவது 8 சதவீதம்தான்.

அடிக்கடிதான் என்றால் உடனே லேண்டைக் குறைத்துவிடாதீர்கள், குறைத்தால் அறிகுறி 1க்குப் போய் நிற்பீர்கள். ஒன்று குறைத்துப் பாருங்கள், போதும். அதற்குப் பதிலாகப் பிந்தைய டர்ன்களில் மனாவைச் செலவழிக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். மேசையில் ஏற்கெனவே இருக்கும் கார்டில் மனா கொடுத்துச் செய்யும் வேலை ஏதாவது இருந்தால் எட்டாவது லேண்டுக்கும் பயன் உண்டு. அடுத்த வழி, சில அடிப்படை லேண்டுகளை எடுத்துவிட்டு வேறு வேலையும் செய்யும் லேண்டுகளை வைப்பது. ஃபர்காட்டன் கேவ் மாதிரி சைக்கிளிங் உள்ள காமன் லேண்டுகளை, தேவைப்படாதபோது ஒரு மனா கொடுத்து வீசிவிட்டு வேறு கார்டு எடுத்துக்கொள்ளலாம், விலையும் மலிவு. 2020 இல் வந்த செண்டிகார் ரைசிங் செட்டில் ஒரு பக்கம் ஸ்பெல், மறுபக்கம் லேண்ட் என்று இருக்கும் கார்டுகள் உண்டு. மியூட்டாவால்ட் மாதிரி தானே கிரீச்சராக மாறும் லேண்டுகள் இன்னும் பலமானவை, ஆனால் விலையும் அதற்கேற்றபடி இருக்கும், அதனால் அவை கடைசி.

அறிகுறி 3: லேண்ட் இருக்கிறது, நிறம் இல்லை

பச்சை மனா தரும் காடு நான்கு மேசையில், கையில் எல்லாம் நீலக் கார்டு.

மூன்றாவது நிறம் இருக்கிறதா? இருந்தால் அதை எடுங்கள். புதிதாக டெக் கட்டுகிறவர்கள் "இந்த ரெண்டு கார்டுக்காக மட்டும் கறுப்பு" என்று சேர்ப்பது வழக்கம். அந்த இரண்டு கார்டு ஜெயித்துக் கொடுக்கும் ஆட்டங்களைவிட, அவற்றுக்காக வைத்த சதுப்பு நிலங்கள் தோற்கடிக்கும் ஆட்டங்கள் அதிகம்.

இரண்டு நிறம்தான் என்றால் அடுத்து கார்டுகளின் விலையில் உள்ள நிற மனா அடையாளங்களை எண்ண வேண்டும். ஃபிராங்க் கார்ஸ்டன் என்ற டச்சு ப்ரோ ஆட்டக்காரர் இதைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார், பலரும் அதையே பின்பற்றுகிறார்கள். 60 கார்டு டெக்கில் ஒற்றை நிற அடையாளம் உள்ள ஒரு மனா கார்டை முதல் டர்னிலேயே நம்பிக்கையோடு ஆட வேண்டுமானால் அந்த நிறம் தரும் லேண்ட் 14 வேண்டும். கவுண்டர்ஸ்பெல் மாதிரி இரண்டு அடையாளமும் ஒரே நிறமாக உள்ள கார்டை இரண்டாவது டர்னில் ஆட வேண்டுமானால் 20 அளவில் தேவை.

இப்போது உங்கள் டெக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 12 காடு, 12 தீவு (நீல மனா தருவது) என்று சரிபாதி பிரித்திருப்பீர்கள், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் லனோவார் எல்வ்ஸுக்குத் தேவையான 14 இல்லை, கவுண்டர்ஸ்பெல்லுக்குத் தேவையானதில் பாதியைச் சற்றே தாண்டியதுதான் இருக்கிறது. இரண்டு கார்டும் ஒரே டெக்கில் இருந்தால் இரண்டுமே நேரத்துக்கு ஆகாது. பணம் செலவழிக்காமல் செய்யக்கூடியது: ஒரு நிறத்தை முதன்மையாக வையுங்கள். முதல் இரண்டு டர்னில் ஆடவேண்டியவை எல்லாம் அந்த நிறத்தில் இருக்கட்டும், மற்ற நிறத்திலிருந்து ஒற்றை அடையாளம் உள்ள, சற்றுப் பிந்தி ஆடுகிற கார்டுகளை மட்டும் எடுங்கள். லேண்டும் அதே விகிதத்தில் 15க்கு 9 என்று சாயட்டும்.

அதுவும் போதவில்லை என்றால்தான் இரட்டை நிற லேண்ட் வாங்குவது. நான்கே நான்கு போதும், வித்தியாசம் தெரியும்: 10 காடு, 10 தீவு, நான்கு இரட்டை லேண்ட் என்று வைத்தால் மொத்தம் அதே 24தான், ஆனால் இரண்டு நிறத்துக்கும் 14 கிடைத்துவிடுகிறது. வாங்கும் வரிசை, சிவப்பு-பச்சையை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்: முதலில் காமனில் கிடைக்கும் ரக்கெட் ஹைலண்ட்ஸ், இது டேப் ஆகித்தான் இறங்கும் (இறங்கிய டர்னில் மனா தராது), ஒரு லைஃப் கொடுக்கும். அடுத்து கார்ப்ளூசன் ஃபாரஸ்ட், டேப் ஆகாமல் இறங்கும், நிற மனா எடுத்தால் ஒரு சேதம். அதற்கு மேல் ஸ்டாம்பிங் கிரவுண்ட், இரண்டு லைஃப் கொடுத்தால் டேப் ஆகாமல் இறங்கும், விலையும் கூடுதல். வேகமான டெக்கில் டேப் ஆகி இறங்கும் லேண்ட் நான்கைத் தாண்டினால் அடுத்த அறிகுறி உங்களுக்கு வந்துவிடும், அதனால் நிதானமான டெக்குகளில் மட்டுமே அதிகம் வையுங்கள்.

அறிகுறி 4: எதுவும் செய்வதற்கு முன்பே செத்துப்போவது

ஐந்தாவது டர்ன் வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது, கையில் பெரிய பெரிய கார்டுகள் அப்படியே இருக்கின்றன. என்னிடம் அதிகமாக வரும் பழுது இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டெக்கை ஸ்லீவோடு (கார்டின் பாதுகாப்பு உறை) எடுத்து மேசையில் நிரல் நிரலாக அடுக்குங்கள், ஒரு மனா கார்டெல்லாம் முதல் நிரல், இரண்டு மனா இரண்டாவது, இப்படி. லேண்டைத் தனியாக வையுங்கள். எழுந்து நின்று பார்த்தால் போதும், கோளாறு தெரிந்துவிடும்.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் கொண்டுவந்த சிவப்பு-பச்சை டெக் இப்படி இருந்தது: ஒரு மனாவில் 4, எல்லாம் லனோவார் எல்வ்ஸ். இரண்டில் 3. மூன்றில் 5. நான்கில் 9. ஐந்தில் 10. ஆறில் 9, அதில் நான்கு ஷிவன் டிராகன். லேண்ட் 24. மொத்தம் 64.

"அஞ்சாவது டர்ன் வரைக்கும் நான் வேடிக்கைதான் பாக்குறேன்ணா."

"இரண்டு மனா வரிசையைப் பாருடா, மூணு கார்டுதான் இருக்கு."

"டிராகனை மட்டும் எடுக்கச் சொல்லாதீங்கண்ணா."

"எடுக்க வேண்டாம். ரெண்டு வச்சுக்கோ."

ஐந்து வயதில் பிடித்த பொம்மையைப் போல ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு இருக்கும், அதை முழுக்கப் பிடுங்கிவிட்டால் டெக்கின் மேல் உள்ள ஆசையே போய்விடும் என்பதால் நான் எப்போதும் இரண்டு பிரதி விட்டுவைப்பேன். ஆறு மனா கார்டு இரண்டு இருந்தால் ஆட்டம் நீளும்போது வரும், முதல் கையில் இரண்டும் சேர்ந்து வந்து கழுத்தைப் பிடிக்காது.

மாற்றிய பிறகு அவன் டெக் இப்படி ஆனது: ஒன்றில் 8 (எல்வ்ஸ் நான்கு, லைட்னிங் போல்ட் நான்கு), இரண்டில் 10, மூன்றில் 8, நான்கில் 5, ஐந்தில் 3, ஆறில் 2. லேண்ட் அதே 24. மொத்தம் 60. வாங்கவேண்டி வந்தது பெரும்பாலும் காமன் இரண்டு மனா கிரீச்சர்கள், மிச்சம் அவன் டப்பாவிலேயே கிடந்தது. பாதிக்கு மேற்பட்ட கார்டுகள் மூன்று மனாவுக்குள் வந்துவிட வேண்டும், இரண்டு மனா வரிசை பெரும்பாலும் எல்லாவற்றையும்விட நீளமாக இருக்க வேண்டும். கண்ட்ரோல் டெக்குக்குக்கூட இரண்டாவது டர்னில் செய்ய ஏதாவது வேண்டும், அது கிரீச்சராக இல்லாமல் எதிராளியின் கிரீச்சரைக் கொல்லும் ஸ்பெல்லாக இருக்கலாம்.

*கர்வ் சரியாக இருந்தும் சாகிறீர்கள் என்றால்* ரிமூவலை எண்ணுங்கள். எதிராளியின் கிரீச்சரை மலிவாக அகற்றும் கார்டு ஆறு முதல் எட்டு வரையாவது வேண்டும், அதில் பாதி இரண்டு மனாவுக்குள். சிவப்பில் லைட்னிங் போல்ட், வெள்ளையில் அனுமதி இருக்கும் இடங்களில் ஸ்வோர்ட்ஸ் டு ப்ளவ்ஷேர்ஸ், கறுப்பில் டூம் பிளேடு மாதிரியானவை.

*அதுவும் இருக்கிறது என்றால்* டேப் ஆகி இறங்கும் லேண்டுகளை எண்ணுங்கள், மேலே சொன்னதுதான். முதல் மூன்று டர்னில் இரண்டு லேண்ட் டேப் ஆகி இறங்கினால் நீங்கள் ஒரு டர்ன் பின்தங்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 5: நன்றாகத் தொடங்கி நடுவில் காற்றுப் போய்விடுவது

எதிராளி 5 லைஃபில் நிற்கிறார், உங்கள் கை காலி, மேலே இருந்து எடுக்கிற ஒற்றைக் கார்டை நம்பி ஆடுகிறீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக அவர் எழுந்து வந்துவிடுகிறார்.

முதல் காரணம் ஆடும் விதத்தில் இருக்கிறது. மேசையில் ஏற்கெனவே மூன்று கிரீச்சர் இருந்து அவை போதுமான அளவு அடிக்கின்றன என்றால் நான்காவது, ஐந்தாவதையும் உடனே இறக்க வேண்டியதில்லை. ராத் ஆஃப் காட் நான்கு மனா, எல்லாக் கிரீச்சர்களையும் ஒரே அடியில் அழித்துவிடும். வெள்ளை ஆடுகிறவர் நான்கு லேண்டோடு, மேசையில் எதுவும் இறக்காமல் அமைதியாக இருந்தால் ஒன்றிரண்டைக் கையிலேயே வைத்திருங்கள். நோட்டில் "ஒரே ஸ்பெல்லில் எல்லாம் போச்சு" என்று பல தடவை எழுதியிருக்கிறதா பாருங்கள். அப்படியானால் டெக்கைத் தொடவே வேண்டாம்.

டெக்கில்தான் கோளாறு என்றால், ஒரு கார்டு ஆடினால் ஒன்றுக்கு மேல் கார்டு கிடைக்கிறவை எத்தனை என்று பாருங்கள். குறைந்தது நான்கு இருக்க வேண்டும். டிவினேஷன் மூன்று மனாவுக்கு இரண்டு கார்டு. கறுப்பில் நைட்ஸ் விஸ்பர் இரண்டு மனாவுக்கும் இரண்டு லைஃபுக்கும் இரண்டு கார்டு. பச்சையில் ஹார்மனைஸ் நான்கு மனாவுக்கு மூன்று கார்டு. இவை எல்லாமே மலிவானவை. அப்புறம், வேகமான டெக்கில் இதை எட்டு, பத்து என்று நிரப்பிவிடக் கூடாது. கார்டு எடுத்துக்கொண்டே இருக்கிற டர்னில் நீங்கள் அடிக்கவில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அறிகுறி 6: ஒரு நாள் பிரமாதம், மறுநாள் பரிதாபம்

மேசையில் அடுக்கும்போது ஒற்றைப் பிரதிகளை எண்ணுங்கள். பதினைந்து, இருபது கார்டு ஒன்று ஒன்றாக இருந்தால் ஒவ்வோர் ஆட்டத்திலும் நீங்கள் வேறு வேறு டெக் ஆடுகிறீர்கள் என்று அர்த்தம். ஒற்றைப் பிரதி முதல் கையில் வரும் வாய்ப்பு 12 சதவீதத்துக்கும் கீழே. இரண்டு பிரதி 22, மூன்று 32, நான்கு 40. இரண்டாவதாக ஆடினால் நான்காவது டர்னுக்குள் நான்கு பிரதிக் கார்டில் ஒன்றாவது வருவது சுமார் 57 சதவீதம்.

உங்கள் டெக் எதைச் செய்து ஜெயிக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். "எல்ஃபுகளைக் குவித்து, எல்லாவற்றையும் பெரிதாக்கி அடிப்பது." சரி. "எல்ஃபுகளைக் குவிப்பது, அப்புறம் எதிராளி டெக்கை முழுக்கக் கரைப்பதும் உண்டு, நடுவில் லைஃப் ஏற்றுவதும் உண்டு" என்று வந்தால் பழுது அங்கேதான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள், எடுத்ததை வைத்து இன்னொரு டெக் கட்டலாம். அந்த ஒரு வாக்கியத்துக்கு நேரடியாக உதவும் கார்டுகளை நான்கு நான்காக வையுங்கள். முதல் கையில் வந்தால் சங்கடம் தரும் விலை கூடிய கார்டுகளும், மேசையில் ஒன்றுதான் நிற்கும் என்பதால் இரண்டாவது பிரதிக்கு வேலை இல்லாத லெஜண்டரிகளும் இரண்டு மூன்றோடு நிற்கட்டும்.

இரண்டு குறிப்பிட்ட கார்டு சேர்ந்தால்தான் ஜெயம் என்கிற டெக் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: இரண்டில் ஒன்று மட்டும் கையில் இருக்கும்போது அது தனியாகவும் ஏதாவது செய்கிறதா? செய்யாது என்றால் டெக்கிலிருந்து தேடி எடுக்கும் கார்டு வேண்டும், அவை பல இடங்களில் விலை கூடியவை. அந்தச் செலவுக்கு முன்னால் தனியாகவும் பயன்படுகிற வேறு இணையைத் தேடிப் பாருங்கள்.

அறிகுறி 7: ஒரே ஒரு டெக்கிடம் மட்டும் தோற்பது

மற்ற எல்லோரையும் ஜெயிக்கிறீர்கள், அந்த ஓர் ஆர்ட்டிஃபாக்ட் (கருவி, இயந்திரம் போன்ற கார்டுகள்) டெக்கைப் பார்த்தால் மட்டும் முடிவதில்லை என்றால் முதன்மை டெக்கைக் கலைக்காதீர்கள். ஆட்டங்களுக்கு நடுவில் மாற்றிக்கொள்ள டெக்குக்கு வெளியே வைக்கும் 15 கார்டு சைட்போர்டு இதற்குத்தான். ஆர்ட்டிஃபாக்டுக்கு ஸ்மாஷ் டு ஸ்மிதரீன்ஸ் அல்லது நேச்சுரலைஸ், கல்லறையிலிருந்து (ஆடி முடித்த, செத்த கார்டுகளின் குவியல்) மீட்டு ஆடும் டெக்குக்கு டார்மட்ஸ் கிரிப்ட், கார்டைக் கையில் தேக்கிவைத்து ஆடுபவருக்கு டியூரெஸ். மூன்று மூன்றாக வையுங்கள், அதுவே போதும்.

பலர் விடுகிற இடம் ஒன்று உண்டு. உள்ளே போவதை மட்டும் யோசிப்பார்கள், வெளியே எது வரும் என்று யோசித்திருக்க மாட்டார்கள். இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் அவசரத்தில் எதையோ உருவுவார்கள், டெக்கின் முதுகெலும்பே போய்விடும். எந்த எதிராளிக்கு எது உள்ளே, எது வெளியே என்று வீட்டிலேயே ஒரு துண்டுத் தாளில் எழுதி டெக் பெட்டியில் வையுங்கள். ஆட்டங்களுக்கு இடையில் அதைப் பார்ப்பதற்குப் போட்டியில் தடை இல்லை.

கமாண்டர் ஆடுகிறவர்களுக்கு

100 கார்டு, அடிப்படை லேண்ட் தவிர எல்லாம் ஒற்றைப் பிரதி, 40 லைஃப். கணக்கு மாறும், பழுது மாறாது. லேண்ட் 36 முதல் 38, மனாவை முன்கூட்டியே ஏற்றும் கார்டு பத்து அளவில் (சோல் ரிங், ஆர்க்கேன் சிக்னெட், பச்சை என்றால் கல்டிவேட்), கார்டு எடுப்பவை பத்து அளவில். பலருடைய டெக்கில் லேண்ட் 32, கார்டு எடுப்பவை நான்கு, மிச்சமெல்லாம் டிராகன்.

டெக்குக்குத் தலைமை தாங்கும் கமாண்டர் கார்டு செத்துச் செத்து வருகிறதா? கமாண்ட் மண்டலத்திலிருந்து ஒவ்வொரு முறை மறுபடி இறக்கும்போதும் இரண்டு மனா கூடும், மூன்றாவது முறை நான்கு மனா அதிகம் கேட்கும். எதிராளியின் ஸ்பெல் குறிவைக்க முடியாதபடி கிரீச்சரைக் காக்கும் ஸ்விஃப்ட்ஃபுட் பூட்ஸ் ஒன்றைச் சேருங்கள். முடிந்தால் பூட்ஸ் மேசைக்கு வந்து, அதை மாட்டவும் மனா இருக்கும் டர்னில்தான் கமாண்டரை இறக்குங்கள். கமாண்டர் இல்லாமல் டெக்கே நகரவில்லை என்றால் அந்த டெக்கில் கமாண்டரை நம்பாத கார்டுகள் குறைவு என்று அர்த்தம்.

எப்போதும் முதல் ஆளாகக் குறிவைக்கப்படுகிறீர்கள் என்றால் அது டெக் பழுதாக இல்லாமல் மேசையில் உள்ள மற்ற டெக்குகளோடு பலம் பொருந்தாததாக இருக்கலாம். தொடங்கும் முன்பே என்ன மாதிரி டெக் என்று நால்வரும் பேசிக்கொள்ளுங்கள்.

எப்போது வேறொருவரிடம் போக வேண்டும்

மேலே உள்ள எல்லாவற்றையும் பார்த்து, மாற்றி, மறுபடி இருபது முப்பது ஆட்டம் ஆடியும் அதே அறிகுறி என்றால் கடையில் தொடர்ந்து போட்டி ஆடுகிற ஒருவரைப் பிடியுங்கள். டெக் பட்டியலை மட்டும் நீட்டினால் பாதி உதவிதான் கிடைக்கும். அவரைப் பின்னால் உட்காரவைத்து இரண்டு ஆட்டம் ஆடுங்கள், கையையும் காட்டுங்கள். டெக் சரி, ஆடும் வரிசைதான் தப்பு என்பதைப் பட்டியலைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

ஒரு கார்டு நீங்கள் நினைக்கிறபடி வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்தால் எதிராளியோடு வாதாட வேண்டாம். போட்டியில் என்றால் கையைத் தூக்கி ஜட்ஜைக் கூப்பிடுங்கள், அதற்காகத்தான் அவர் இருக்கிறார், கூப்பிட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். தப்பாகப் புரிந்துகொண்ட ஒரு கார்டைச் சுற்றி முழு டெக்கும் கட்டியிருப்பது நடக்கிற விஷயம்தான்.

பணம் போடுவதற்கு முன் மூன்று சோதனை. வாங்க நினைக்கிற கார்டின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதி, பழைய கார்டின் மேல் அதே ஸ்லீவுக்குள் செருகி வீட்டில் பத்து ஆட்டம் ஆடிப் பாருங்கள், போட்டியில் இது ஆகாது, வீட்டில் நண்பர்கள் ஒப்புக்கொள்வார்கள். அடுத்து, நீங்கள் ஆடும் வடிவத்தில் அது செல்லுபடியாகிறதா என்று தடைப் பட்டியலையும், புதிய செட்டுகளை மட்டும் அனுமதிக்கும் ஸ்டாண்டர்ட் என்றால் பழைய செட்டுகள் விலகும் ரொட்டேஷனில் அது எப்போது வெளியேறும் என்பதையும் பாருங்கள். 2024 செப்டம்பரில் கமாண்டரில் மனா கிரிப்ட், ஜூவல்ட் லோட்டஸ், டாக்சைட் எக்ஸ்டார்ஷனிஸ்ட் மூன்றுக்கும் ஒரே நாளில் தடை வந்தது, முதல் இரண்டையும் அப்போதுதான் பெரும் விலை கொடுத்து வாங்கியிருந்தவர்கள் பலர். மூன்றாவது, வேண்டிய கார்டைத் தனிக் கார்டாகவே வாங்குங்கள். 14 கார்டு உள்ள பூஸ்டரைப் பிரித்துக்கொண்டே போய்க் குறிப்பிட்ட ஒரு ரேர் கார்டின் நான்கு பிரதி சேர்ப்பது ஆகிற காரியம் இல்லை.

விலை கூடிய கார்டைத் தெரியாதவரிடம் வாங்குகிறீர்கள் என்றால் போலிக்கு வாய்ப்பு உண்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கத் தெரிந்த கடைக்காரரிடம் முதலில் காட்டுங்கள். கார்டின் பின்பக்கத்தில் உள்ள பச்சை வட்டத்துக்குள் சிவப்புப் புள்ளிகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்த்து, அசலான மலிவுக் கார்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். வளைத்துப் பார்ப்பது, ஓரத்தைக் கிழித்துப் பார்ப்பது போன்ற சோதனைகளை யாரையும் செய்யவிடாதீர்கள், கார்டு அசலாகவே இருந்தாலும் அதோடு அதன் விலை போய்விடும்.